பாக்கோடு வந்த மஞ்சள் துணி

அந்த மஞ்சள் துணியை வெட்டியது நான்தான். அதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

திருப்பதியில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான், கல்லூரிக்குப் போனவளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அறுகோணத் துண்டுகளைக் கையால் இணைத்துப் போர்வை தைப்பதைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். காகிதத்தில் அறுகோணம் வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூல் ஓட்ட வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அது ஒரு பூ. எல்லாப் பூவும் சேர்ந்த பிறகு காகிதத்தை உருவிவிடலாம். என் காகிதமெல்லாம் பிள்ளைகளின் பழைய டெஸ்ட் பேப்பர்.

கோடை விடுமுறைக்கு நகரி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருபது வருஷத்து ரவிக்கைத் துணிகள். கல்யாணம், சீமந்தம் என்று போன இடத்திலெல்லாம் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்தவை. யாரும் தைத்துப் போடுவதில்லை. ஒரு வீட்டில் வந்தது இன்னொரு வீட்டுக்குப் போகும். கொடுத்த வீட்டுக்கே திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்வதில் அம்மா கெட்டிக்காரி.

"எடுத்துக்கோ. நைனா தறியில முழுசா நெய்றாரு, பி.எட். படிச்ச பொண்ணு துண்டு துண்டா வெட்டிக்கினு கீறா" என்றாள்.

பெட்டியின் ஓரத்தில், ஒரு கவருக்குள் கடுகு மஞ்சளில் ஒரு துணி. கூடவே காய்ந்த வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும். பூக்களின் நடுவுக்கு இதைவிட நல்ல நிறம் கிடைக்காது. பாக்கை ஜன்னலில் வைத்துவிட்டு வெட்டினேன். பதினான்கு துண்டு வந்தது. ஒரு பூவைத் தைத்தும் முடித்தேன்.

சாயங்காலம் அம்மா ஜன்னலில் இருந்த பாக்கைப் பார்த்தாள். அப்புறம் என் மடியைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு முன் வடமாலபேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன துணி அது. எங்கள் வழக்கப்படி, சம்மதம் என்றால்தான் அதை வெட்டித் தைக்கக் கொடுப்பார்கள். இல்லையென்றால் மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. மாப்பிள்ளை, "கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்க வேலைக்குப் போகலாம்" என்றார். அந்தப் 'போகலாம்' எனக்கு உறுத்தியது. அதைச் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டது பிடித்திருந்தது. இரண்டையும் எப்படிக் கூட்டுவது என்று தெரியவில்லை.

"அப்ப உனக்குச் சம்மதம்" என்றாள் அம்மா.

"அப்படி இல்லம்மா."

"வேணாமா?"

"அதுவும் இல்ல."

"பின்ன எதுக்குடி வெட்டின?"

நைனா ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது பவர்லூம் துணிதான். புத்தூர்ல இதே மாதிரி கிடைக்கும். வாங்கி மடிச்சு வெச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

எனக்கும் அது பிடிக்கவில்லை. பெண் பார்த்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா துணியை என் கையில்தான் வைத்தார். நான் பார்த்திருப்பேன். பார்க்காமல் எப்படி இருந்திருப்பேன்? மற்ற எந்தத் துணியோடும் பாக்கு இல்லை என்பதைக்கூடவா கவனிக்கவில்லை? மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "போர்வைக்கா? ரவிக்கைத் துணியிலயா?"

"ஆமாங்க."

"அது எனக்கே யாரோ வெச்சிக் குடுத்ததும்மா. உங்க அம்மாகிட்ட சொல்லிடாத." பிறகு குரல் மாறியது. "துணி கெடக்குது. நீ என்ன சொல்ற?"

"தெரியலைங்க."

"தெரியாமத்தான் வெட்டினியா?"

"அதுவும் தெரியலைங்க."

சிரித்துவிட்டார். "டீச்சருக்கே தெரியலன்னா நாங்க என்ன பண்றது? சரி, தெச்சதைப் பிரிக்காத. தெக்காததைத் தெக்காத. ஆடி பொறக்கறதுக்குள்ள சொல்லிடு."

பள்ளி திறந்துவிட்டது. திருப்பதி ஹாஸ்டல் அறையில் தினமும் கொஞ்சம் தைக்கிறேன். மீதிப் பதிமூன்று மஞ்சள் துண்டுகளும் அதே கவரில், பாக்கோடு இருக்கின்றன. சுற்றியுள்ள ஆறை மட்டும் ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போகிறேன். நடுவில் ஓட்டையோடு ஒன்பது வளையங்கள் ஆகிவிட்டன. அறைத் தோழி அதன் வழியாக என்னைப் பார்த்து, "இதப் போத்திக்கினா குளிரு எப்படி நிக்கும்?" என்று கேட்டாள்.

நேற்று ஒரு வளையத்தின் நடுவில் மஞ்சள் துண்டை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அந்த அளவுக்கு வெட்டியதே நான்தான் என்பதால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. திரும்ப எடுத்துக் கவரில் போட்டேன். ஆடிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.