"கடந்தையைக் கொன்னியா மக்கா?"

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கடந்தை செத்தது. டிவிக்குள்!

கடந்தை என்றால் எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் பெரிய குளவி. இது வீடியோ கேமில் வருகிற கடந்தை – கன்றுக்குட்டி அளவு இருக்கும். வாளும் கேடயமுமாகக் காட்டுக்குள் போகிற வீரனை, ஒரு பாழடைந்த கோட்டை வாசலில் மறித்துக்கொண்டு பறக்கும். வாளை ஓங்கினால் மேலே போய்விடும். அசந்தால் கொடுக்கு!

என் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மகள் ஷைனி ஆறாம் வகுப்பு படித்தபோது லீவில் வந்தவர், அந்த கேமைக் கொண்டுவந்தார். அப்பாவும் மகளும் சோறு தண்ணி மறந்து ஆடினார்கள். காடு தாண்டியாச்சு, ஆறு தாண்டியாச்சு... கடந்தையிடம் மட்டும் தோல்வி. மறுபடி தோல்வி. அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

ஏர்போர்ட் போக வாசலில் கார் நிற்கிறது. "மக்கா, அடுத்த லீவுல நாம ரெண்டுபேருமா சேந்து அதக் கொல்லுவோம், கேட்டியா?" என்றார்.

அடுத்த லீவு வரவேயில்லை. மாடி கட்ட ஆரம்பித்திருந்தோம், லீவை விட்டுக்கொடுத்துப் பணமாக வாங்கிவிட்டார். அப்புறம் என் நாத்தனார் கல்யாணத்துக்கு வந்தார். பந்தல், சமையல், விருந்தாளி என்று ஓடியவர் டிவி பக்கமே உட்காரவில்லை. பிறகு கம்பெனி மாறினார். புது இடத்தில் சேர்ந்தவுடன் லீவு கேட்க முடியுமா?

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஃபோனில் முதல் கேள்வி அதுதான்.

"கடந்தையைக் கொன்னியா மக்கா?"

"இல்லப்பா. அது சாவமாட்டங்கு. நீங்க வாங்க."

இப்போது ஷைனி ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். கோயம்புத்தூரில் காலேஜ். ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்க்கவே லீவு எடுத்து வந்தார் மனிதர். போன ஞாயிறு சாயங்காலம் வடசேரி ஸ்டாண்டில் பஸ் ஏற வேண்டும். மத்தியானம், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்தார். மஸ்கட்டில் ரூமில் கூட இருக்கிறவரிடம் கேட்டுப் பழகியிருக்கிறாராம்!

பழகி என்ன? கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டே ஆடினார். குத்து வாங்கினார். மறுபடி குத்து. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தாங்கப்பா" என்று ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். கேடயத்தைத் தூக்கியபடி அசையாமல் நின்றான் வீரன். கடந்தை கீழே பாய்கிற அந்த நொடியில்... ஒரே வெட்டு.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எப்பம் படிச்ச மக்கா?"

"நீங்க போன அடுத்த வாரமே."

அதே கேமில் தனக்கென்று வேறு ஆட்டம் தொடங்கி முழுக்க ஆடி முடித்திருக்கிறாள். அப்பா விட்டுப்போன ஆட்டத்தை மட்டும் தொடாமல் அப்படியே வைத்திருந்திருக்கிறாள். நானும் இதே வீட்டில்தானே இருந்தேன்? எனக்கும் தெரியாது.

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா... நீங்க வாறதுக்கு ஒண்ணுமில்லாமப் போயிருமேன்னு நெனச்சேன்ப்பா."

மீதித் துணியை அடுக்க அவள் உள்ளே போனாள். அவரும் பின்னாலேயே போய், பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மடித்த சுடிதார்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

கல்ஃபிலிருந்து டிவி வருகிறது, போர்வை வருகிறது, கேம் வருகிறது... எல்லாம் நேரத்துக்கு வந்துவிடுகின்றன. அப்பாக்கள்தான் லேட்!