தலைவர் நலமாக இருக்கிறார்

கணவாய்க் கருவாட்டுத் துண்டை நூலில் கட்டி நீரில் இறக்கிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பால் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார் குராமொச்சி. கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டு இது. அறுபது தாண்டிய மனிதர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கொல்லையில் தினமும் காலையில் இதைச் செய்கிறார். நூல் லேசாக இழுபடுகிறது. அவசரப்படாமல் தூக்குகிறார். இறால் உடம்பும் நண்டுக் கொடுக்குமாக ஒரு சிவப்பு ஸாரிகானி, கருவாட்டை விடாமல் தொங்கிக்கொண்டு வருகிறது. "வாங்க வாங்க, உள்ள போங்க" என்று வாளிக்குள் போடுகிறார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஏறுவது யாரானாலும் வாயில் அதுதான் வரும்.

எங்கள் குடியிருப்பின் பெயர் நம்பிக்கைக் குன்று. குன்று எதுவும் கிடையாது. வீடு கட்டி விற்றவர்கள் சதுப்பில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள், பெயரையும் மாற்றினார்கள். பஸ் நிறுத்தத்தில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டது: ஹிருநுமா, அட்டைச் சதுப்பு. "அடுத்தது அட்டைச் சதுப்பு, அட்டைச் சதுப்புன்னு ஆயுசு பூரா மைக்ல சொன்னேன். எங்கய்யா அந்தச் சதுப்புன்னு ஒருத்தர் கேக்கல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்பார். ஓய்வு பெற்றதும் காரை விற்றார், மண்வெட்டி வாங்கினார்.

கார் நின்ற இடத்தில் கொட்டியிருந்த செம்மண்ணை அள்ளி வெளியே அனுப்பினார். பின்பக்கச் சரிவில் கசியும் ஊற்றைச் சாக்கடைக்குக் கொண்டுபோன குழாயை அறுத்து, தண்ணீரை அந்தப் பள்ளத்துக்குள் திருப்பினார். அடியில் இருந்த கரிய சேறு மேலே வந்தது. தெரு முழுக்க அழுகிய முட்டை நாற்றம். துவைத்த துணி காயவில்லை, தத்தாமிப் பாயில் பூஞ்சை பிடித்தது. "மத்தவங்க வீட்டு ஆம்பளைங்க ரிட்டயர் ஆனா கோல்ஃப் ஆடுறாங்க. என் வீட்டுக்காரர் எனக்கு ஈரத்துணி ஆயுசுக்கும் வாங்கிக் குடுத்திருக்கார்" என்று மனைவி மசாயோ கடைத்தெருவில் எல்லோரிடமும் சொன்னார்.

இரண்டாம் கோடையில், யாரும் நடாமல், சேற்றிலிருந்து ஒரு செடி முளைத்தது. ஆகாயத்தாமரைக்குத் தங்கை போல இலை, அதைவிட ஆழ்ந்த நீலத்தில் பூ. மிசுஆவோய். எங்கள் பக்கத்தில் அதை யாரும் பார்த்தே பல காலம் ஆகிறது.

"இவ்வளவு நாளா இது எங்க இருந்துச்சு?" என்றார் மசாயோ.

"நம்ம காருக்கு அடியில."

அன்று முதல் மசாயோ பூஞ்சையைப் பற்றிப் பேசுவது குறைந்தது.

குடியிருப்போர் சங்கம் குறைக்கவில்லை. கொசு வருகிறது, அந்தச் சதுப்பை மூடச் சொல்லுங்கள் என்று கூட்டம் போட்டார்கள். அப்போது எழுந்தவர் பக்கத்து வீட்டு ஷினோசுகா அம்மா. எண்பதை நெருங்குகிறார், கையில் தடி. "என் வீட்டுப் பூந்தொட்டியில வளர்ற கொசு என்னோடது. அதையெல்லாம் அவர் கணக்குல எழுதாதீங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தொட்டியைக் கவுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு நின்றது. குராமொச்சி எழுந்து, தலை மேசையில் இடிக்கும்வரை குனிந்து வணங்கினார்.

அந்த அம்மாவின் கணவர் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில், வாய்க்காலில் பிடித்த ஒரு ஸாரிகானியைத் தலைமாட்டில் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிவந்த முகமும், எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குவதும் சங்கத் தலைவர் மாதிரியே இருக்கிறதென்று அதற்குத் 'தலைவர்' என்று பெயர். கணவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடித்து, கோயிலிலிருந்து திரும்பிய கையோடு, ஷினோசுகா அம்மா கறுப்பு கிமோனோவிலேயே வேலியோரம் வந்தார்.

"குராமொச்சி சான், உங்களைக் கேக்காம ஒண்ணு செஞ்சுட்டேன். தலைவரை உங்க தண்ணியில விட்டுட்டேன். ஒரு உசுரை விட்டா அவருக்குப் போற வழி சுலபமா இருக்கும்னு குருக்கள் சொன்னார். இதைவிட நல்ல இடம் எங்க இருக்கு?"

"ரொம்ப நன்றிங்க" என்றார் குராமொச்சி.

"நன்றி வேறயா சொன்னீங்க?" என்று உள்ளே மசாயோ கேட்டார்.

தலைவர் பெண். வயிற்றடியில் முட்டையோடு இருந்திருக்கிறது. மறு கோடையில் நீர் கலங்கி டீ நிறமாயிற்று. மிசுஆவோய்த் தண்டுகளைக் கத்தரியால் வெட்டியதுபோல அடியிலேயே நறுக்கி மிதக்கவிட்டிருந்தன குஞ்சுகள். பூத்து விதை உதிர்ந்தால்தான் அந்தச் செடிக்கு அடுத்த ஆண்டு உண்டு.

அன்று தொடங்கியதுதான் இந்தத் தூண்டில். வெளிநாட்டிலிருந்து வந்த இனம் என்பதால், பிடித்தவற்றை உயிரோடு வேறு நீரில் விடச் சட்டம் இடம் தராது. பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார். "கியோசாக் கொழுக்கட்டை எடுக்கக் கைய விட்டா கொடுக்கு வருது" என்று மசாயோ திட்டுகிறார். ஒருநாள் குரலைத் தணித்துச் சொன்னார்: "அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்களேன். தினம் ரெண்டு பேரும் ஒளிச்சு ஒளிச்சுச் செய்ய வேண்டியிருக்கு."

"என்னன்னு சொல்ல? உங்க வீட்டுக்காரருக்காக விட்ட புண்ணியம் என் செடியத் தின்னுதுன்னா?"

மசாயோ தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த ஆண்டு ஒரே ஒரு செடி. பாத்திரம் வடிக்கும் கம்பிக் கூடையைக் கவிழ்த்து, ஓரமெல்லாம் கல் வைத்துக் காத்தார் குராமொச்சி. ஆகஸ்ட் முடியும்போது மொட்டு தெரிந்தது. மசாயோகூடப் பல் விளக்கும் முன் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

சென்ற வாரம் நான் பழங்கள் கொடுக்கப் போனபோது, குராமொச்சி நீருக்குள் நின்று கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அடியில் சேற்றைக் குடைந்து வந்த ஒரு துளை. தண்டு நறுக்கப்பட்டு, மொட்டு குப்புற மிதந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

தடி ஊன்றும் சத்தம் கேட்டது. வேலிக்கு மேல் ஷினோசுகா அம்மாவின் வெள்ளைத் தலை.

"குராமொச்சி சான், எங்க தலைவர் நல்லா இருக்காரா? நேத்து எங்க வீட்டுக்காரர் படத்துக்கு விளக்கு ஏத்தறப்போ நெனச்சுக்கிட்டேன்."

"நல்லா இருக்கார்மா. வளந்துட்டார்."

"அப்படியா! எவ்வளவு பெரிசு இருப்பார்?"

மொட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, சேறு வழியும் இரண்டு கைகளையும் உயர்த்தி, ஒரு சாண் அகலம் காட்டினார் அவர். அந்த அம்மாவின் முகம் மலர்வதைப் பார்த்து, கைகளை இன்னும் கொஞ்சம் அகட்டினார்.