செல்லாரில் விட்டுவைத்த இருவர்

ஜெயசுந்தரிக்குக் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. அதற்கு முன்பே அவளும் எட்மண்டும் மல்காஜ்கிரியில் ஒரு கிளினிக்கில் இரண்டு கருக்களை உறையவைத்திருந்தார்கள். சுமந்து தர அவள் தங்கை சம்மதித்த நேரம் பார்த்து வாடகைத்தாய்ச் சட்டம் வந்து குறுக்கே நின்றது. ஜெயசுந்தரியைப் போல ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு அனுமதி இல்லையாம். அதை எழுதிய மகராசர்களுக்கு வீடு நிறையப் பிள்ளைகள் இருந்திருக்கும்!

வழக்குப் போட்டார்கள். ஜெயசுந்தரிக்குப் பொறுமை ஏது? கருக்களுக்கு ஜோசியா, அபிகாயில் என்று பேர் வைத்து, குடும்ப ஜெபத்திலும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எட்மண்ட் அந்த இடத்தில் மட்டும் ஆமென் சொல்லமாட்டார்.

"தீர்ப்பு வரட்டும், சுந்தரி."

மௌலா அலிப் பக்கம் மத்திய அரசு ஆலையில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர் அவர். வழக்கில் மாட்டிய சாமானில் ஓர் ஆணியைக்கூட உத்தரவில்லாமல் நகர்த்தாத மனிதர்.

மழைக்காலத் தொடக்கத்தில் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பக்கத்துச் சாக்கடை ஓடையான நாலாவின் தண்ணீர், கருக்கள் இருக்கும் அடித்தளச் செல்லாருக்குள் புகலாம், எல்லாரும் திருமுல்கேரிக் கிளைக்கு மாற்றிக்கொள்கிறார்கள், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

"நக்கோ, வேணாம் டாக்டர். கேஸ் நடக்குது. இப்பத் தொட்டா எதிர் வக்கீல் அதையே பிடிச்சுக்குவான்" என்றார் எட்மண்ட்.

நாலா உடைத்துக்கொண்டு வந்தது. செல்லாரில் கருக்களை வைத்திருந்த நைட்ரஜன் டாங்கு கவிழ்ந்து மிதந்தது, உள்ளே இருந்த எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் வீட்டிலும் முழங்கால் அளவுத் தண்ணீர். அது வடிந்து, சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வக்கீல் துரைராஜ் கூப்பிட்டார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

"ஜெயிச்சிட்டோம்மா! சட்டத்துக்கு முன்னாடியே உறையவச்சவங்களுக்கு வயசு வரம்பு கிடையாதுன்னுட்டாங்க!"

போனை வைத்தாள்.

"பாவி மனுஷா, ஒரு கையெழுத்துதானே கேட்டாங்க!" என்று துடைப்பத்தை எட்மண்ட் மேல் வீசினாள். அவர் விலகவில்லை.

அந்நேரம் வெள்ள நிவாரணத்துக்குக் கணக்கெடுக்கும் ஆள் வாசலில் வந்து நின்றார். வீடு இடிந்ததா, ஆடு மாடு போனதா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

"வீட்டில் யாராவது இறந்தார்களா?"

அவள் வாயைத் திறக்குமுன் எட்மண்ட் சொன்னார். "ரெண்டு பேர். ஜோசியா. அபிகாயில்."

அவர் வாயால் அந்தப் பெயர்களை அவள் அன்றுதான் முதல்முறை கேட்டாள்.

வந்தவர் பதறிப்போனார். "ஐயோ, எத்தனை வயது சார்?"

ஜெயசுந்தரி சேற்றிலேயே உட்கார்ந்து, எட்மண்டின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.