கூப்பிட்டால் படுத்துவிடும் நாய்

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது. மகள் ஆசைப்பட்டு எடுத்தது. அவள் படிப்பதற்காக டிரெஸ்டனுக்குப் போனபோது உடுப்பு, புத்தகங்கள், சமையல் பாத்திரங்களில் அரைவாசி எல்லாம் கொண்டுபோனாள். நாயை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டாள். குட்டைக் கால், நீள உடம்பு, மண்ணிறம். அதற்குத் தெரிந்த ஒரே தொழில் குரைப்பது. தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும், லிஃப்டைப் பார்த்துக் குரைக்கும், உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றத் தொடங்கினால் அது நிற்கும்வரை எதிரே நின்று குரைக்கும்.

நான் ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறேன். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை விழும் நாட்களில் நாய் தனியாக இருக்கும். அப்படி ஒரு நாள் அது நான்கு மணி நேரம் ஊளையிட்டது என்று கீழ்வீட்டு அம்மையார் மிகவும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி எங்கள் கதவில் ஒட்டியிருந்தார்.

மனைவி கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். "தனிய இருந்தா ஆருக்கும் விசர் பிடிக்கும். அவனுக்கு ஒரு துணை வேணும்" என்றாள்.

ஒரு நாய் குரைப்பதற்குக் கடிதம் வந்தால் இன்னொரு நாயைக் கொண்டுவருவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை காட்டோரத்தில் இருந்த நாய்க் காப்பகத்தில் நின்றோம்.

அங்கே எங்களைப் பேட்டி கண்ட பெண்மணிக்கு என் மகளைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். எத்தனையாம் மாடி, எத்தனை மணி நேர வேலை, விடுமுறைக்கு எங்கே போவீர்கள் என்று எல்லாம் கேட்டு எழுதினார். நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை. குடும்பத்தலைவர் சுறுசுறுப்பாக நடப்பவரா என்று கேட்டபோது மனைவி என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆம், இனி நடப்பார் என்று ஜெர்மனில் பதில் சொன்னாள்.

புதிய நாயைப் பழைய நாய்க்குப் பிடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எனவே மூத்தவனையும் கொண்டுபோயிருந்தோம். முதலில் வந்த நாய் அவன் குரைத்த குரைப்பில் அந்தப் பெண்மணியின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இரண்டாவது நாய் திருப்பிக் குரைத்தது. இருவருக்கும் தொண்டை கட்டும்வரை அது நடந்தது. மூன்றாவது, புள்ளி போட்ட சிறிய பெண் நாய், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டது. போகலாம் என்று நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

அப்போதுதான் அடுத்த முற்றத்திலிருந்து பெரிய வெள்ளை நாய் ஒன்றை நடத்திக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. மூத்தவன் ஓடிப்போய் அதன் முகத்துக்கு நேரே நின்று தன் முழுப் பலத்தையும் காட்டினான். வெள்ளையன் மழையைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. பிறகு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தது. மூத்தவன் எட்டி அதன் காதுக்குள்ளேயே குரைத்தான். அந்தக் காது அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மூத்தவன் தானாகவே வாயை மூடினான். நான் அறிந்து அதுதான் முதல் தடவை.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பொறுமை பாருங்கோ. உங்களுக்கு இதில கால்வாசி இருந்தாலே காணும்."

காப்பகப் பெண்மணி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த நாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது என்றார்.

அங்கே அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை அது ஒருநாளும் கேட்டதில்லை. நான் மனைவியிடம் தமிழில் மெதுவாக, "காது கேக்காத நாயை எப்பிடிக் கூப்பிடுறது? கொஞ்சம் யோசியும்" என்றேன்.

"காது கேக்கிற உங்களைக் கூப்பிட்டா மட்டும் வாறியளோ?" என்றாள்.

ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம், பிறகு வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ஒப்பந்தம் எழுதலாம் என்று ஏற்பாடு. கை ஜாடைகளைப் படம் போட்டு விளக்கிய தாள் ஒன்றையும் தந்தார்கள். மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். நான் அதை வாசிக்கவில்லை. ஒரு நாயைக் கையால் கூப்பிட எனக்குத் தாள் வேண்டுமா?

முதல் நாள் மாலை பூங்காவில் வெள்ளையனைக் கூப்பிட்டேன். அது படுத்துவிட்டது. களைப்பாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பேக்கரி வாசலில் கூப்பிட்டேன். ஈரத் தரையில் படுத்துவிட்டது. பாண் வாங்க வந்தவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மூன்றாம் நாள், இதற்கு ஏதோ வருத்தம், மிருக வைத்தியரிடம் காட்ட நாள் குறித்து ஒரு டெர்மின் எடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். எப்படிக் கூப்பிடுகிறீர்கள், செய்து காட்டுங்கோ என்றாள். காட்டினேன். கூடத்தில் நின்ற வெள்ளையன் படுத்தது.

அவள் என்னைக் கையில் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நாங்கள் ஆட்களைக் கூப்பிடுவது உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து விரல்களை அசைத்து. அந்தத் தாளில் உள்ளங்கை கீழே இருந்தால் 'படு'. 'வா' என்பதற்கு உள்ளங்கை மேலே பார்த்து நெஞ்சை நோக்கி வரவேண்டும். ஐம்பத்துநான்கு வருடமாக ஒரு பக்கம் ஆடிய கையை மறுபக்கம் திருப்பச் சொன்னால் அது கேட்குமா? பழகினேன். வேலை செய்யும் இடத்தில் உருளைக்கிழங்குச் சட்டியைத் தூக்க ஒருவரை அப்படிக் கூப்பிட்டேன், அவர் உடனே வந்தார். எங்கள் மச்சானை அப்படிக் கூப்பிட்டேன், நாயைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறாயா என்று கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை பேசவில்லை.

அந்த இடைவெளியில் தமிழ்ச் சங்கத்தின் கோடை ஒன்றுகூடல் வந்தது. பெரிய புல்வெளி. நாங்கள் வழக்கம்போலப் பிந்திப் போனோம். தூரத்தில் எங்களைக் கண்டதும் ஒரு முப்பது பேர், சாப்பாடு முடியப் போகிறது, கெதியா வாங்கோ என்று ஒன்றாகக் கைகாட்டினார்கள். எல்லாக் கையும் உள்ளங்கை கீழே. வெள்ளையன் உடனே படுத்தது. தூக்கி நிறுத்தினேன். நாலடி வைத்தது. மறுபடியும் கைகாட்டினார்கள். மறுபடியும் படுத்தது. புல்வெளியை நாங்கள் கடந்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது.

முன்வரிசைக் கதிரையில் சங்கத்திலேயே வயது கூடிய அண்ணை ஒருவர் இருந்தார். அவரும் எங்களைப் பார்த்து வாரும், வாரும் என்று கையை அசைத்தார். வெள்ளையன் அவருடைய காலடியில் முன்கால்களை நீட்டி, தாடையை நிலத்தில் வைத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

அண்ணை கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு குனிந்து அதன் தலையில் கையை வைத்தார். "நல்லாயிரு, ராசா. என்ர பேரப்பிள்ளையள் கூட இப்பிடி விழுறேல்லை" என்றார்.

அவரிடம் உண்மையைச் சொல்ல என்னால் ஏலவில்லை. நாய் கும்பிடுகிறது என்ற செய்தி பரவி ஆட்கள் வந்து சுற்றிக்கொண்டார்கள். ஓர் அக்கா கைகாட்டி அதை விழவைத்து, ஆசீர்வதித்து, தன் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸ் கொடுத்தார். பிறகு இன்னொருவர். மூத்தவன் எல்லோரையும் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தான், அவனுக்கு ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை. ஐந்தாவது ரோல்ஸ் போனபோது அவன் குரைப்பை நிறுத்தி, வெள்ளையனுக்குப் பக்கத்தில் போய் அதேபோல நீட்டிப் படுத்துக்கொண்டான். அவனுக்கும் கிடைத்தது.

மாதம் முடிந்ததும் காப்பகப் பெண்மணி ஒரு கோப்புடன் வந்தார். நாய் கூப்பிட்டால் வருகிறதா என்று காட்டச் சொன்னார். நான் கூடத்தின் நடுவில் நின்றேன். தனியாக இருக்கும்போது சரியாகச் செய்த கைதான், அவர் பார்க்கிறார் என்றதும் பழையபடி கவிழ்ந்துவிட்டது. வெள்ளையன் படுத்தது. அவர் ஏதோ எழுதினார். பதற்றத்தில் மறுபடியும் அதையே செய்தேன். ஏற்கெனவே படுத்திருந்த நாய் என்னைக் குழப்பத்தோடு பார்த்துவிட்டு, இதைவிட எப்படிப் படுப்பது என்று யோசித்து, மல்லாக்கப் படுத்தது.

அந்த நேரம் மனைவி தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலுக்கு வந்து, காலால் நிலத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பலகைத் தரை அதிர்ந்தது. வெள்ளையன் துள்ளி எழுந்து அவளிடம் ஓடியது. மூத்தவனும் ஓடினான். இதை எப்போது கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடத்தில் கீழ்வீட்டு அம்மையார் மணியடித்து, அலுமாரி ஏதும் விழுந்துவிட்டதா, உதவி வேண்டுமா என்று கேட்டார். அவரையும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தோம்.

'படு' மிகவும் நன்றாகத் தெரிகிறது, 'வா' மனைவியிடம் மட்டும் என்று கோப்பில் எழுதப்பட்டது. ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, சரிவராவிட்டால் நாயைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று அந்தப் பெண்மணி விளக்கத் தொடங்கினார். அந்த வசனத்தை அவர் முடிக்க முதலே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காப்பகம் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில். அவர் காரில் போய் வேறொரு படிவம் எடுத்துவர வேண்டியதாயிற்று. மனைவி அதற்குள் எல்லோருக்கும் இன்னொருமுறை தேநீர் ஊற்றினாள்.

இப்போது பின்னேரங்களில் இரண்டும் ஒன்றாகத் தூங்குகின்றன. வெள்ளையன் குறட்டை விடும், ஜன்னல் கண்ணாடி அதிரும், அதற்குக் கேட்காது. போன ஞாயிறு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே, இந்தக் குறட்டையை மனிசர் தாங்குவார்களா என்று கேட்டேன்.

"நான் முப்பது வருசமா தாங்குறன்" என்றாள் மனைவி.