பதினோராம் நாள் அனுப்பிய முறைப்பாடு

எழுத்தில் வரும் எந்த விசாரணைக்கும் பத்து வேலை நாட்களுக்குள் பதில் அனுப்பப்படும். மெல்பேர்ண் நகரத்தின் வசதியான புறநகர் ஒன்றை நிர்வகிக்கும் கவுன்சிலின் சேவை விதி இது. போன நவம்பரில், இலண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து இதை வாசித்தேன். ஓய்வு பெறும்வரை இங்கே ஒரு கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவில், சனங்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை செய்தவன் நான். இப்படியான விதிகளை எழுதியும் இருக்கிறேன், தேவைப்பட்டபோது அவற்றின் பின்னால் ஒளிந்தும் இருக்கிறேன்.

எங்கள் மகள் அந்தப் புறநகருக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. மருமகன் ஆஸ்பத்திரி டாக்டர். விடியமுதல் போனால் இருட்டித்தான் வருவார். பிள்ளைக்கு இரண்டு மாதம். அப்போதுதான் என் மனைவிக்கு முழங்கால் மாற்றியிருந்தார்கள், நீண்ட விமானப் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மெல்பேர்ணில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்தான், ஆனால் நகரத்தின் மறுபக்கத்தில். சத்திர சிகிச்சைப் பிரசவம் என்பதால் மகள் கார் ஓட்டவும் தொடங்கவில்லை.

எங்களுக்குக் காலை, அவளுக்கு மாலை. அந்த நேரத்தில் தினமும் பேசுவோம்.

"அப்பா, இஞ்ச நாயளின்ர பேரெல்லாம் எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போற ஒரு மனுசரின்ர பேரும் தெரியாது," என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

இலண்டனில் வளர்ந்தவள். ஆங்கிலம் எங்களைவிட நன்றாகப் பேசுவாள். ஆனால் பிள்ளை பிறந்தபிறகு எங்களோடு தமிழில்தான் கதைத்தாள். அது எங்களுக்கே புதிதாக இருந்தது. டிசம்பர் நெருங்க அவள் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசத் தொடங்கினாள். கேட்டால் வெளிச்சம் போதாது என்பாள். அங்கே அது கோடைகாலம்.

மனைவி அழுதாள். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், அந்தப் புறநகரின் சனத்தொகைக் கணக்கை எடுத்துப் படித்தேன். பெரிய வளவுகள், உயர்ந்த வேலிகள், இலத்தீன் வாசகம் பொறித்த தனியார் பள்ளிக்கூடங்கள். வயதானவர்கள் அதிகம், பட்டம் பெற்றவர்கள் அதிகம், ஒரு வீட்டுக்குக் கார்கள் அதிகம். அதிகம் இல்லாதது தெருவில் மனிதர்கள்தான். அதற்கு அட்டவணை இல்லை.

"என்னப்பா பாக்கிறியள்?" என்றாள் மனைவி.

"வீட்டில தமிழ் கதைக்கிற ஆக்கள் எத்தினை பேர் எண்டு."

"எத்தினை பேராம்?"

ஓர் ஒற்றை இலக்கம் இருந்தது. சிறிய எண்களை அப்படியே வெளியிட மாட்டார்கள், ஆட்களை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று கொஞ்சம் மாற்றிவிடுவார்கள், ஆகவே உண்மையில் யாருமே இல்லாமலும் இருக்கலாம் என்று விளக்கினேன்.

"இருந்தா இருக்கினம், இல்லாட்டி இல்லை. இதைச் சொல்ல ஒரு அரசாங்கம் வேணுமே?"

அதனால்தான் அந்தக் கவுன்சிலுக்கு எழுதினேன். அங்கே தமிழ்க் குடும்பங்கள் உண்டா, சங்கம் ஏதும் உண்டா, கூடும் இடம் உண்டா என்று இலக்கமிட்ட மூன்று கேள்விகள்.

"பிள்ளை தனிய இருக்கிறாள் எண்டு எழுதுங்கோ."

"அது விசாரணைக்குச் சம்பந்தமில்லை."

"சம்பந்தமில்லாட்டியும் எழுதுங்கோ."

கடைசி வரியாக எழுதினேன். மகளிடம் சொல்லவில்லை.

பத்து வேலை நாட்கள் போயின. பதினோராம் நாள் காலை முறைப்பாடு அனுப்பினேன். அதற்கும் ஒழுங்கான பதில் இல்லாதபோது மேலதிகாரிகள் விசாரிக்கும் இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். அவர்களுடைய விதியை அவர்களுக்கே மேற்கோள் காட்டி, கடிதத்தைக் கையாண்ட அலுவலரின் அக்கறையின்மையை விசாரிக்கும்படி கேட்டேன். நல்ல கடிதம். என் உத்தியோக காலத்தில் அப்படியொன்று எனக்கு வந்திருந்தால் பயந்திருப்பேன்.

ஜனவரி முழுக்க ஒன்றும் இல்லை. மகளின் அழைப்புகள் ஐந்து நிமிடமாகக் குறைந்தன.

பெப்ரவரி முதல் வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் அந்தப் புறநகர் நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்க்கும் பெண். என் கடிதம் கவுன்சிலில் மேசை மேசையாகப் போய் அவரிடம் வந்திருக்கிறது. வியாழக்கிழமைகளில் கைக்குழந்தைகளுக்கு அவர் கதை வாசிப்பாராம். அங்கே வரும் ஒரு தாய், தன் பிள்ளையோடு அவருக்கு விளங்காத மொழியில் பேசுவது நினைவுக்கு வந்ததாம். ஆனால் விடுமுறை தொடங்கிவிட்டது. இன்னொருவரைப் பற்றிய தகவலை அவருடைய சம்மதம் இல்லாமல் எனக்குத் தர முடியாது. அதனால் நிகழ்ச்சி மறுபடி தொடங்கும்வரை காத்திருந்து, அந்தத் தாயிடம் நேரில் கேட்டிருக்கிறார். தமிழ்தானாம். மகளைச் சந்திக்க விருப்பமாம். வியாழன் பத்தரைக்கு யன்னல் பக்கத்தில் இருப்பாராம்.

கடைசியில் ஒரு வரி: தாமதத்துக்கு வருந்துகிறேன், என்னைப் பற்றிய உங்கள் முறைப்பாட்டுக்குத் தனியாகப் பதிலளித்திருக்கிறேன்.

அக்கறையின்மை என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டிருந்தேன்.

உடனே முறைப்பாட்டைத் திரும்பப் பெற எழுதினேன். இரண்டாம் கட்டத்துக்கு வந்த முறைப்பாட்டை முடிக்காமல் விடுவதில்லை என்று பதில் வந்தது, அதுவும் மறுநாளே. என் பழைய அலுவலகத்தில் அதே விதியை எழுதியவன் நான். ஆகவே என் சொந்த முறைப்பாட்டுக்கு எதிராக இரண்டு பக்கச் சாட்சியம் எழுதி அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு மன்னிப்பும் எழுதினேன். அதற்கு இலக்கமிடவில்லை.

பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வியாழன் பத்தரை மணி உட்பட.

"என்னைப் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதினீங்களோ? நான் என்ன உங்கட ஒபிஸ் பைலோ, அப்பா?"

"உனக்கு ஆரும்..."

"எனக்கு ஆரும் வேணாம்." போனை வைத்துவிட்டாள்.

நான் மறுபடி அவளுடைய எண்ணை அழுத்தப் போனேன். மனைவி பனிக்கட்டிப் பையை முழங்காலில் வைத்தபடி சொன்னாள்: "விடுங்கோ. கோவிக்கவெண்டாலும் குரல் எழும்பினதே."

அந்த வாரம் அவள் அழைக்கவில்லை. எங்கள் அழைப்பையும் எடுக்கவில்லை. வியாழன் வந்து போனது. முறையீடு செய்ய எனக்கு எந்தக் கட்டமும் இருக்கவில்லை.

மறுநாள் காலை, தேநீர் போடும்போது போனில் ஒரு படம் வந்தது. நூலகத்துக் கம்பளத்தில் இரண்டு குழந்தைகள் மல்லாந்து கிடந்தன. ஒன்று எங்களுடையது, மற்றதைத் தெரியாது. கீழே எழுதியிருந்தாள்: "போனனான் அப்பா. அந்த அக்காவும் மூண்டு மாசமா வீட்டுக்கு வெளியில ஒருத்தரோடையும் தமிழில கதைக்கேல்லையாம். கதைச்சுக் கதைச்சு நூலகம் பூட்டுற நேரமாயிட்டுது. அடுத்த வியாழனும் போறன்."

இப்போதும் எங்கிருந்தாவது பதில் பிந்தினால், அங்கே யாரோ எனக்காக ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணி இன்னும் சில நாள் பொறுக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாக இருப்பதில்லை, ஆனாலும் பொறுக்கிறேன், ஏனென்றால் நான் உண்மையில் காத்திருந்த பதில், எந்த விதியிலும் அடங்காமல், வந்து சேர்ந்தது பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை.