இடது தோளைத் தாண்டிய கை

கதிர்வீச்சு முடிந்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். "உடம்புல எங்கயாவது புதுசா கட்டி தட்டுப்பட்டா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. அன்னிக்கே வந்துடுங்க." இடது மார்பை எடுத்தாகிவிட்டது, மருந்து ஏற்றியாகிவிட்டது, தலையில் முடி பூனை ரோமம் போல முளைக்கத் தொடங்கியிருந்தது. பிழைத்துவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஆஸ்பத்திரியில் உதவிக்கு வரும் ஒரு பெண் என்னிடம் துண்டுச் சீட்டு ஒன்றைத் தந்தாள். புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்கு இன்டர்நெட்டில் மனப்பயிற்சியும் இசையும், புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, இலவசம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் காசிமேட்டில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போவேன். பிளைவுட் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், ஒரே ஒரு ஹெட்போன். அதன் ஒரு பக்கம் அம்மா காதில், மறுபக்கம் என் காதில்.

முதல் நாள் வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "மூச்ச இழு, மூச்ச விடுன்னு சொல்றதுக்கு ஒரு கம்ப்யூட்டரா? இத்தினி வருஷமா நான் இன்னா, மூச்சு வுடாமயா மீன் வித்துகினு இருந்தேன்?"

ஆனால் அடுத்த புதன்கிழமை இரண்டு மணிக்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் முகங்கள் இல்லை. பெயர்களும் பக்கத்தில் பச்சைப் புள்ளிகளும் மட்டும். வேறு ஊரிலிருந்து பேசிய ஆசிரியை புல்லாங்குழல் இசையை ஓடவிட்டு, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுக்கச் சொல்வார். இழுத்துக்கொண்டே நெற்றி, தொண்டை, தோள், மார்பு, வயிறு என்று ஒவ்வொரு இடமாக உள்ளங்கையை வைக்க வேண்டும். "எந்த இடத்தையும் தாண்டிப் போகாதீங்க. பயமா இருக்கிற இடத்துலதான் கொஞ்ச நேரம் கூட நிக்கணும்." ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக அம்மா அறுத்த இடத்தில் கை வைத்தது அங்கேதான். கண்ணீர் கொட்டியது. பதறிப்போய் என்னம்மா என்றேன். "ஒண்ணும் இல்லடி. மனசு லேசா கீது" என்றாள். அன்று ஆட்டோவில் அவள் என் மடியில் கை போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனது அந்த வாரத்தில்தான். நைனா, என் அப்பா, ஒரு படகில் டிரைவர். போனால் பத்துப் பன்னிரண்டு நாள், கரைக்கு வந்தால் இரண்டு நாள், மறுபடியும் கடல்.

அடுத்த புதன்கிழமை அம்மாவின் கை தொண்டையில் நின்றது, வலது தோளில் நின்றது, நேராக வயிற்றுக்கு இறங்கியது. இடது தோள் பக்கம் போகவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வீட்டில் மாற்றுப் புடவை கட்டும்போது கதவிடுக்கில் பார்த்தேன். இடது தோள் எலும்புக்கு மேலே, கழுத்தோரம், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு.

உடனே சொல்ல வேண்டியதுதானே, வாயில் கொழுக்கட்டையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு வழக்கம் தெரியாதவர்கள் கேட்கலாம். படகு கடலில் இருக்கும்போது வீட்டில் கெட்ட பேச்சு எடுக்கக் கூடாது. சாவு, வியாதி, ஆஸ்பத்திரி எதுவும் வாயில் வரக் கூடாது. ஒருமுறை சித்தி சாவுச் செய்தி ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். அந்த வாரம் வலை பாறையில் மாட்டிக் கிழிந்தது. இன்றுவரை அந்த வலையைக் கிழித்தது சித்திதான். சரி, படகு கரையில் இருக்கும்போது சொல்லலாமே? அந்த இரண்டு நாளும் ஐஸ், டீசல், வலை என்று ஓட்டம். "தொழிலுக்குக் கிளம்பற நேரத்துலயா?" என்று ஒரு சொல்லில் வாயை அடைத்துவிடுவார்கள். ஆகக் கெட்ட பேச்சுக்கு எங்கள் வீட்டில் நாளே கிடையாது. நானும் டிகிரி படித்தவள்தான். படித்து என்ன கிழித்தேன்?

புதன்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. எங்களைப் போலவே வகுப்பில் சேர்ந்திருந்த மதுரை டீச்சர் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இரண்டு வாரமாக இல்லை. லைன் கிடைக்கலை போல என்றார் ஆசிரியை. மூன்றாவது வாரம் பெயரே இல்லை. யாரும் கேட்கவில்லை. அம்மா திரையில் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள்ளேயும் முந்தானையை இடது தோளில் இழுத்துப் போர்த்திக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு குரல் கம்மியது. 'ம்ம்ம்' என்று இழுத்தால் பாதியில் காற்றாகப் போயிற்று. ஆசிரியை நிறுத்திக் கேட்டார்: "காசிமேடு அம்மா, உங்க குரல் சரியா வரலையே. மைக் பிராப்ளமா, இல்ல தொண்டை ஏதாவது..."

"மைக்குதான் மேடம்" என்றேன்.

நான்தான் சொன்னேன். அம்மா இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. படகு வந்த அன்று காலையிலேயே துறைமுகத்துக்கு ஓடினேன். நைனா வலையை உதறிக்கொண்டிருந்தார். "அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போணும் நைனா. இன்னிக்கே" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வலையை அப்படியே கீழே போட்டுவிட்டு, கையைக்கூட சரியாகக் கழுவாமல் என்னுடன் நடந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வந்தாள். டாக்டர் முந்தானையை விலக்கச் சொல்லி, தோள் எலும்புக்கு மேலே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். கழுத்துவரை தடவினார். நாற்காலியில் போய் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். "இது எத்தனை நாளா இருக்கு?"

"பத்து நாளாத்தான் சார்" என்றாள் அம்மா, அந்தக் கம்மிய குரலில்.

"இல்ல சார். ஒரு மாசத்துக்கு மேல கீது" என்றார் நைனா. தலை நிமிரவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசம்" என்றேன்.

அவர் எதையும் எழுதவில்லை. அம்மா நைனாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நான்தான் பயந்துகினு மறைச்சேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சுகினேவா சும்மா இருந்தீங்க?"