நான் பிடுங்கிய சாக்குக் கொடி

மூன்று வருடத்துக்கு முன், குறுவை அறுப்பு முடிந்த சமயம். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு லீவில் போயிருந்தேன். புதுசாகக் கேமரா வாங்கிய திமிர் வேறு! ஆடு, மாடு, கொக்கு, மடையான் எதையும் விட்டுவைக்கவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அறுத்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லுக்காக, வெளியூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாத்துக் கூட்டத்தை ஓட்டி வந்து தங்கியிருந்தார்கள். "காலையில இந்தப் பக்கம்தான் வருவோம், எடுத்துக்கங்க" என்று அந்த அண்ணன் சிரித்தார்.

மறுநாள் விடிந்ததுமே போய் நின்றுவிட்டேன். நல்ல வெளிச்சம். ஆனால் வயல் நடுவில் ஒரு குச்சி, அதில் கிழிந்த யூரியா சாக்கு. கேமராவில் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. குருவி விரட்டக் கட்டியதாக இருக்கும், அறுப்புதான் முடிந்ததே, இனி எதற்கு என்று பிடுங்கி வரப்பில் போட்டேன். விவசாயி மகளுக்கு இவ்வளவுதான் புத்தி!

வாத்துகள் வந்தன. அண்ணன் நின்று வயலை ஒரு முறை பார்த்துவிட்டு, இறக்கிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, அத்தனை அழகு. ஆசை தீர எடுத்தேன். எடுத்து முடித்ததும் அந்தக் குச்சியைப் பழைய இடத்திலேயே நட்டும் விட்டேன்.

வெயில் ஏறும்போது ஒரு வாத்து தள்ளாடி விழுந்தது. அப்புறம் நாலு, பத்து. அந்த அக்கா "ஐயோ, என்னமோ ஆவுதே!" என்று ஓடினார். தூக்கித் தூக்கித் தண்ணீர் ஊற்றியும் பாதிக் கூட்டம் போய்விட்டது.

வயல்காரர் ஓடி வந்து கத்தினார். "எலிக்குப் பொரியில மருந்து கலந்து வச்சிருக்கேன். விடக்கூடாதுன்னுதானே சாக்கு கட்டி நட்டேன்? கண்ணு தெரியலையா?"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். "பாத்தேங்க... இல்லாத மாதிரிதான் இருந்துச்சு. நான்தான் சரியா கவனிக்கல போலிருக்கு."

"உன் கண்ணுல கொள்ளி வைக்க!" என்று அந்த அக்கா மண்ணை வாரி அவர் மேல் இறைத்து அழுதார். அவர் துடைக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். சாக்கைப் பிடுங்கியது நான்தான் என்று சொல்லவில்லை. பயம், வெட்கம், என்ன எழவோ.

ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில் சொல்லிவிடலாம் என்று போனேன். மிச்ச வாத்துகளோடு பட்டுக்கோட்டைப் பக்கம் போய்விட்டார்களாம். விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

வாத்துகள் செத்தது நான் தெரியாமல் செய்த தப்பு. ஆனால் நல்ல கண்ணை வைத்துக்கொண்டே அந்த மனுஷன் இன்னமும் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வாத்து மேய்க்கிறாரே, அது நான் தெரிந்தே செய்தது.